குவரியில் டேபிள் எழுதும் வரிசையை மாற்றினால் 11 நிமிடம் ஓடியது 4 விநாடியில் முடிகிறது. ஜாயின் வரிசை விதியில் கோளாறு எங்கே?

வைகைக்கரை | ஞாயிறு இரவு 10.40

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள கமிஷன் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். ஆறு பேர் கொண்ட சின்ன டீம். பழைய வருடக் கணக்கு ஃபைல்களாகக் கிடக்கிறது, நடப்புக் கணக்கு சர்வரில் இருக்கிறது. இரண்டையும் ஒரே குவரியில் கேட்க வேண்டும் என்பதால் அப்பாச்சி கால்சைட்டை (குவரியை எப்படி ஓட்டுவது என்று திட்டம் போடும் மென்பொருள்) அடியில் போட்டு, மேலே எங்கள் சொந்த விதிகளை வைத்திருக்கிறோம். அதில் ஜாயின் வரிசையை, அதாவது எந்த டேபிளை எதற்கு அடுத்து இணைப்பது என்பதைத் தீர்மானிக்கும் விதியை, இப்போது வேலையில் இல்லாத ஒருவர் எழுதினார். ரொம்ப எளிய விதிதான்: எந்த டேபிளுக்கு எஸ்டிமேட் (எத்தனை பதிவு, அதாவது ரோ, வரும் என்ற ஊகம்) குறைவோ அதில் தொடங்கு, பிறகு அதோடு இணைகிற டேபிள்களில் எஸ்டிமேட் குறைவானதைச் சேர்த்துக்கொண்டே போ.

பிரச்சினை கொடுப்பது ஏழு டேபிள் குவரி. வரவு (40 லட்சம் ரோ), விவசாயி (12,000), ஊர் (380), பூவகை (41), கடை (60), முன்பணம் (9,000), தவணை (3 லட்சம்). ‘நிலக்கோட்டை விவசாயிகளுக்கு இந்த சீசனில் பட்டுவாடா ஆகாத மல்லி வரவு, அவர்களுடைய முன்பண பாக்கியோடு’ என்பதுதான் கேள்வி.

குவரியில் டேபிள்களைப் பட்டியலிடும் ஃப்ரம் பகுதியில் வரவை முதலில் எழுதினால் 11 நிமிடம். ஊரை முதலில் எழுதினால் 4 விநாடி. விடை ஒன்றேதான். வேகமான வழியைத் தானே தேர்ந்தெடுக்க ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கும்போது நான் எப்படி எழுதினால் அதற்கென்ன? விதியை எங்கே திருத்துவது என்று பிடிபடவில்லை.

ஜிகர்தண்டா | ஞாயிறு இரவு 10.58

ஊரை முதலில் எழுதிவிட்டுத் தூங்கப் போங்க பாஸ். 4 விநாடி போதாதா?

வைகைக்கரை | ஞாயிறு இரவு 11.05

ஒரு குவரி என்றால் அப்படியே செய்திருப்பேன். இதுபோல 140 ரிப்போர்ட் இருக்கிறது. பாதி குவரியை ஸ்கிரீன் தானாக உருவாக்குகிறது, நான் எழுதுவதே இல்லை.

சுங்குடி | திங்கள் காலை 7.20

விதியைத் தொடும் முன்னால் எண்ணைக் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆப்டிமைசர் எத்தனை ரோ எதிர்பார்த்தது, ஓடியபோது உண்மையில் எத்தனை ரோ வந்தது? இந்த இரண்டும் அருகருகே இல்லாமல் ஜாயின் வரிசையைப் பற்றிப் பேசுவது வீண்.

வைகைக்கரை | திங்கள் காலை 9.45

எடுத்துவிட்டேன் அக்கா. பார்த்ததும் டீ ஆறிப்போனது.

வரவு, சீசன் எண்ணும் நிலையும் ஃபில்டர் ஆன பிறகு: எதிர்பார்த்தது 2.25, வந்தது 2,10,000.
ஊர், பெயரும் மாவட்டமும் ஃபில்டர் ஆன பிறகு: எதிர்பார்த்தது 2.25, வந்தது 1.
பூவகை, பெயர் ஃபில்டர்: எதிர்பார்த்தது 15, வந்தது 1.
விவசாயி, ஃபில்டர் இல்லை: எதிர்பார்த்தது 100, வந்தது 12,000.

அதென்ன இரண்டேகால் ரோ? அதுவும் இரண்டு டேபிளுக்கு ஒரே எண்?

சுங்குடி | திங்கள் காலை 10.10

அந்த 100 என்பதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கால்சைட்டிடம் ஒரு டேபிளில் எத்தனை ரோ இருக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது 100 என்று வைத்துக்கொள்ளும். ‘இது அதற்குச் சமம்’ என்கிற ஃபில்டருக்கு அதன் ஊகம் 0.15. பெரிது, சிறிது என்று ஒப்பிட்டால் 0.5. வேறு விவரம் எதுவும் இல்லாதபோது இவைதான் கணக்கு.

இனி நீங்களே பெருக்கிப் பாருங்கள். 100 × 0.15 × 0.15 = 2.25. வரவில் இரண்டு சமன் ஃபில்டர், ஊரிலும் இரண்டு சமன் ஃபில்டர். 40 லட்சம் ரோ உள்ள டேபிளும் 380 ரோ உள்ள டேபிளும் உங்கள் விதியின் தராசில் ஒரே எடை. சமமாக வந்தால் உங்கள் விதி எதை எடுக்கும்? முதலில் கண்ணில் பட்டதை. அதாவது நீங்கள் ஃப்ரம்மில் முதலில் எழுதியதை.

விதி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. நீங்கள் கொடுத்த எண்தான் பொய்.

வைகைக்கரை | திங்கள் காலை 10.25

எங்கள் டேபிள்களைக் கால்சைட்டுக்குக் காட்டும் அடாப்டரில் ரோ எண்ணிக்கை கொடுக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. மூன்று வருடம் ஆகிறது.

பழைய ஆரக்கிள்காரன் | திங்கள் மதியம் 1.30

தம்பி, படித்ததும் சிரிப்பு வந்தது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதுதான் ஆப்டிமைசரே. ஆரக்கிள் டேட்டாபேஸில் அப்போது ரூல் ஆப்டிமைசர். எண்ணிக்கையே பார்க்காது. ஈக்வல் ஃபில்டருக்கு இண்டெக்ஸ் (தேடுவதற்கான அகராதி) இருந்தால் ஒரு தரம், ரேஞ்ச் என்றால் அடுத்த தரம் என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு போகும். தரம் சமமாக வந்தால் ஃப்ரம்மில் கடைசியாக எழுதிய டேபிளில் தொடங்கும். அதனால் சின்ன டேபிளைக் கடைசியில் எழுது என்று சீனியர்கள் காதைத் திருகிச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆரக்கிள் 7-இல் எண்ணிக்கையைப் பார்த்துச் செலவைக் கணக்கிடும் காஸ்ட் ஆப்டிமைசர் வந்தது, 10ஜி-யில் பழையதற்கு ஆதரவையே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் 2020-களில் உட்கார்ந்து அதையே திரும்பவும், அதுவும் தலைகீழாக, கட்டி வைத்திருக்கிறீர்கள்.

என் யோசனை: ஹிண்ட் வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்ட்ரெயிட் ஜாயின், ஆரக்கிளில் லீடிங். எது முதலில் என்று மனுஷன் சொல்லட்டும். மெஷினை நம்பி நான் பட்டது போதும்.

சுங்குடி | திங்கள் மதியம் 2.15

சார், ஹிண்ட்டை நான் ஒரேயடியாக வெறுப்பவள் இல்லை. ஆனால் இன்று எழுதும் ஹிண்ட், இன்றைய தரவுக்கான தீர்ப்பு. ஐப்பசியில் சரியாக இருந்தது தையில் வரவு மூன்று மடங்கானதும் கழுத்தை அறுக்கும். அதற்குள் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்றுவரை மூலத்தில் ஹிண்ட் சேர்க்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேண்டுமென்றால் தனி எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ள வேண்டும். இவருக்கு ஸ்கிரீன் தானாக உருவாக்கும் குவரிகள் வேறு. அதில் யார் போய் ஹிண்ட் எழுதுவது?

இன்னொன்று. ரோ எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் பாதிக் கிணறுதான். ஜாயின் எஸ்டிமேட்டைப் பாருங்கள். விவரமில்லாதபோது அது இடது × வலது × 0.15 என்று போகும். வரவு 40 லட்சம், விவசாயி 12,000. பெருக்கி 0.15 போட்டால் 720 கோடி. உண்மையில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரே விவசாயிதான், ஆக விடை 40 லட்சம். 1979-இல் ஐபிஎம்மில் பாட்ரிசியா செலிங்கரும் கூட்டாளிகளும் சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸுக்கு எழுதிய கட்டுரையிலேயே இதற்கு வழி இருக்கிறது: இரண்டு பக்கத்திலும் இணைக்கிற நிரலில் (டேபிளின் நெடுவரிசையில்) எத்தனை வேறுவேறு மதிப்புகள் என்று பார்த்து, பெரியதால் வகுக்க வேண்டும். 40,00,000 × 12,000 ÷ 12,000. முடிந்தது.

ஆக ஒவ்வொரு டேபிளுக்கும் ரோ எண்ணிக்கை, எது யூனிக் கீ (இரண்டு ரோவில் ஒரே மதிப்பு வராத நிரல்), ஒவ்வொரு ஜாயின் நிரலிலும் வேறுவேறு மதிப்பு எத்தனை. இந்த மூன்றையும் கொடுங்கள். விதியில் இப்போதைக்கு ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள்.

கீழமாசிவீதி | திங்கள் இரவு 8.50

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஏழே டேபிள். எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்து நல்லதை எடுத்தால் என்ன? எதற்கு இந்த ‘குறைவானதில் தொடங்கு’ குறுக்குவழி?

சுங்குடி | திங்கள் இரவு 9.30

நல்ல கேள்வி. ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கும் வரிசை மட்டும் என்றால் ஏழு டேபிளுக்கு 5,040. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிறகு அவற்றை இணைக்கும் கிளை வடிவங்களையும் எண்ணினால் 6,65,280. பத்து டேபிள் என்றால் 1,764 கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் செலிங்கர் வழியில் ‘இந்த நான்கு டேபிளைச் சேர்க்கச் சிறந்த வழி எது’ என்று ஒருமுறை கண்டுபிடித்துச் சேமித்துக்கொண்டால், அந்த நான்கும் வருகிற எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தலாம். ஏழு டேபிளில் அப்படிச் சேர்க்கைகள் 127 மட்டுமே. அது சுண்டைக்காய்.

போஸ்ட்கிரெஸ் இதைத்தான் செய்கிறது, டேபிள் 12-ஐத் தொட்டால் மரபணு முறைக்கு (எல்லாவற்றையும் பார்க்காமல் தோராயமாகத் தேடுவது) தாவுகிறது. இன்னொரு வரம்பும் உண்டு: நீங்கள் ஜாயின் என்று வெளிப்படையாக எழுதினால், 8 வரைக்கும்தான் உடைத்து வரிசை மாற்றும். அதற்கு மேல் எழுதியபடி விட்டுவிடும். ஒன்பதாவது டேபிளைச் சேர்த்ததும் ரிப்போர்ட் திடீரென்று படுத்துவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

கீழமாசிவீதி | திங்கள் இரவு 9.41

ஒன்பதாவது டேபிள்! எங்கள் குடோன் ரிப்போர்ட்! ஒரு வருடமாக சர்வரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றி மேடம்.

வைகைக்கரை | புதன் இரவு 11.15

இரண்டு நாள் போனது. ரோ எண்ணிக்கை, யூனிக் கீ, வேறுவேறு மதிப்பு மூன்றும் இப்போது போகிறது. ஊரை முதலில் எழுதினாலும் கடைசியில் எழுதினாலும் 4 விநாடி. வரவுக்கான எஸ்டிமேட் 1,60,000, உண்மை 2,10,000. எனக்கு அது போதும்.

முன்பு 11 நிமிடம் எங்கே போனது என்றும் தெரிந்தது. வரவில் தொடங்கி, விவசாயி வழியாக முன்பணத்துக்கும் தவணைக்கும் முதலில் போயிருக்கிறது. தினமும் பூ கொண்டுவருகிற விவசாயிக்குத் தவணையும் அதிகம். நடுவில் ஒன்றேகால் கோடி ரோ. அதையெல்லாம் கட்டி இழுத்துவந்து கடைசியில்தான் ‘ஊர் நிலக்கோட்டையா’ என்று கேட்டிருக்கிறது.

சுங்குடி | வியாழன் காலை 7.05

மகிழ்ச்சி. ஆனால் ஒரு வரவோடு ஒரு விவசாயியின் எல்லாத் தவணையும் பெருகி வருகிறதே, ரிப்போர்ட்டில் வரவுத் தொகையைக் கூட்டினால் பல மடங்கு ஆகாதா?

வைகைக்கரை | வியாழன் காலை 9.30

ஆகும். ரிப்போர்ட் ஸ்கிரீனில் வரவு எண்ணை வைத்து இரட்டையை நீக்கிவிட்டுக் கூட்டுகிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. தவணையை விவசாயிவாரியாகக் கூட்டி வைத்துக்கொண்டு ஜாயின் செய்வது அடுத்த வேலை.

அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இன்று காலை வந்தது. வேகமானதும் ஒரு கடைக்காரர் ரிப்போர்ட்டை முதல்முறையாக முழுசாகப் பார்த்திருக்கிறார் (முன்பெல்லாம் 11 நிமிடம் யார் காத்திருப்பார்கள்). “தம்பி, முன்பணம் வாங்காத ஆளையே காணோமே, அவன் பூவும் என் கடையில்தான் கிடக்கு” என்கிறார். குவரியில் லெஃப்ட் ஜாயின்தான் (இணை கிடைக்காவிட்டாலும் இடது பக்க ரோவை விடாமல் வைப்பது) போட்டிருக்கிறேன்.

திருமங்கலத்துப் பையன் | வியாழன் காலை 10.00

பழைய விதியில் ‘ஜாயின் அடைப்புக்குறியை மாற்றிப் போடு’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள் அண்ணே. கால்சைட்டோடு வரும் அந்த விதி இன்னர் ஜாயினை (இரண்டு பக்கமும் இணை இருந்தால்தான் ரோ வரும்) மட்டும்தான் தொடும். சொந்தமாக எழுதுகிறவர்கள் லெஃப்ட்டுக்கும் நீட்டி மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

வைகைக்கரை | வியாழன் மதியம் 12.20

இருக்கிறது தம்பி. நான் எழுதியது: விவசாயியோடு லெஃப்ட் ஜாயின், (முன்பணமும் தவணையும் இன்னர் ஜாயின் ஆனது). விதி அதைப் பிரித்து, (விவசாயி லெஃப்ட் ஜாயின் முன்பணம்), பிறகு தவணையோடு இன்னர் ஜாயின் என்று ஆக்கியிருக்கிறது.

மூன்று பேரை வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் ஆள் முன்பணம் வாங்கித் தவணையும் கட்டியவர். இரண்டாவது ஆள் வாங்கினார், இன்னும் கட்டவில்லை. மூன்றாவது ஆள் வாங்கவே இல்லை. நான் எழுதியபடி மூவரும் வர வேண்டும், பின்னவர் இருவருக்கும் ‘நல்’ (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) உடன். விதி மாற்றியபடி முதல் ஆள் மட்டும்தான் வருகிறார். கடைசியில் வரும் இன்னர் ஜாயின், லெஃப்ட் ஜாயின் காப்பாற்றி வைத்த நல் ரோக்களைக் கொன்றுவிடுகிறது.

ஆக மூன்று வருடமாக இந்த ரிப்போர்ட் தப்பு.

பழைய ஆரக்கிள்காரன் | வியாழன் மதியம் 12.45

மெதுவாக ஓடுவதை மன்னிக்கலாம், தப்பாக ஓடுவதை மன்னிக்க முடியாது. பட்டுவாடா விஷயம். இன்றே அந்த விதியை நிறுத்துங்கள். மெதுவானாலும் பரவாயில்லை.

திருமங்கலத்துப் பையன் | வியாழன் மாலை 4.10

நிறுத்திவிட்டு, பாதுகாப்பானதை மட்டும் திரும்பச் சேர்க்கலாம். போஸ்ட்கிரெஸ் மூலத்தில் ஆப்டிமைசர் ஃபோல்டரிலுள்ள ரீட்மீயில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். என் வார்த்தையில் சொல்கிறேன்.

விவசாயி லெஃப்ட் முன்பணம், அப்புறம் ஊரோடு இன்னர். அந்த ஊர் நிபந்தனை விவசாயியை மட்டும் தொடுகிறது. அப்படியென்றால் ஊரை முதலில் விவசாயியோடு சேர்த்துவிட்டுப் பிறகு முன்பணத்துக்குப் போகலாம். உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான். விவசாயிக்கு இரண்டு தனித்தனி லெஃப்ட் ஜாயின் இருந்தால் அவற்றை முன்பின் மாற்றலாம்.

மூன்றாவதில்தான் கண்ணி. விவசாயி லெஃப்ட் முன்பணம், லெஃப்ட் தவணை என்று சங்கிலியாக வந்தால் அடைப்புக்குறியை மாற்றலாம். ஆனால் தவணைக்கான நிபந்தனை, முன்பணம் ‘நல்’ ஆக இருக்கும்போது கண்டிப்பாகத் தோற்க வேண்டும். சாதாரண சமன் என்றால் தோற்கும். யாராவது கோலெஸ் போட்டு ‘நல் என்றால் 0’ என்று எழுதியிருந்தால் தோற்காது, அங்கே மாற்றினால் விடை மாறும்.

லெஃப்ட்டையும் இன்னரையும் கலந்து நீங்கள் செய்த மாற்றம் இதில் எதிலும் வராது.

சுங்குடி | வியாழன் மாலை 5.00

தம்பி சொன்னதோடு ஒன்று: மேலே வேர் (WHERE) பகுதியில் ‘முன்பணம்.தொகை 5,000-க்கு மேல்’ போன்ற ஃபில்டர் இருந்தால், நல் ரோ எப்படியும் விழுந்துவிடும். அங்கே லெஃப்ட்டை இன்னராக மாற்றிவிட்டு, பிறகு வரிசை விதியை ஓடவிடுங்கள். வரிசைக்கு அப்புறம் இதைச் செய்தால் பயனில்லை.

விதியைத் திருத்தியதும் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு டேபிளிலும் ஐந்தாறு ரோ, எல்லா நிரலிலும் வேண்டுமென்றே நல், இணையே இல்லாத கீ, இரட்டைக் கீ. 140 குவரியையும் விதி இருக்கும்போது ஒருமுறை, இல்லாதபோது ஒருமுறை ஓட்டி, ரோக்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். தரவு சின்னதாக இருப்பதால் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும்.

வைகைக்கரை | சனி மாலை 6.30

ஓட்டினேன். பழைய விதியோடு 140-இல் 6 மாறி வந்தன. ஐந்தில் ரோ குறைகிறது, எல்லாம் அந்த லெஃப்ட் விவகாரம். ஆறாவதைப் பார்த்து அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஆர்டர் பை (வரிசைப்படுத்து) இல்லாமல் லிமிட் 20 (20 ரோ மட்டும் கொடு) போட்டிருக்கிறார்கள். எந்த 20 வந்தாலும் சரிதான். புதிய விதியில் மாற்றம் எதுவுமில்லை, அந்த லிமிட் தவிர.

எஸ்டிமேட் சமமாக வந்தால் இப்போது டேபிளின் உண்மையான ரோ எண்ணிக்கை குறைவானது முதலில். அதுவும் சமமென்றால் பெயர் வரிசை. எழுதியவர் கையில் எதுவும் விடவில்லை.

ஒரு குவரி மட்டும் முன்பைவிட மெதுவாகியிருக்கிறது. 6 விநாடி, இப்போது 50. முன்பு குருட்டு அதிர்ஷ்டத்தில் நன்றாக ஓடியிருக்கிறது போல.

ஜிகர்தண்டா | சனி இரவு 7.00

அப்போ ஹிண்ட்?

சுங்குடி | சனி இரவு 7.45

இருங்கள். எந்த ஃபில்டரில் எஸ்டிமேட் விலகுகிறது?

வைகைக்கரை | சனி இரவு 8.20

வரவு டேபிளில் பூ எண் ஃபில்டர். 41 வகை என்பதால் 40 லட்சத்தை 41-ஆல் வகுத்து 98,000 என்கிறது. கேட்டது மல்லியை. உண்மை 17 லட்சம்.

சுங்குடி | சனி இரவு 8.50

மதுரை மார்க்கெட்டில் மல்லியும் மரிக்கொழுந்தும் சம அளவு வரும் என்று நினைக்கிற ஆப்டிமைசரை என்ன செய்வது. சராசரி இங்கே உதவாது. அதிகம் வரும் மதிப்புகளுக்கு மட்டும் தனி எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். பத்து பூ போதும், மீதியைச் சராசரியில் விடுங்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு நிரலுக்கும் வழக்கமாக 100 வரை இப்படி வைக்கிறது.

ஊர், மாவட்டம் இரண்டையும் ஃபில்டர் செய்கிறீர்கள் அல்லவா, அதிலும் இதே கதை உண்டு. நிலக்கோட்டை என்றாலே திண்டுக்கல் மாவட்டம்தான். இரண்டு ஃபில்டரையும் தனித்தனி என்று நினைத்துப் பெருக்கினால் எண் தேவையில்லாமல் சுருங்கும். 380 ரோ டேபிளில் பரவாயில்லை. பெரிய டேபிளில் இப்படி வந்தால், மேலே ஒவ்வொரு ஜாயினிலும் அந்தப் பிழை பெருகிக்கொண்டே போகும். 2015-இல் ஐஎம்டிபி சினிமாத் தரவில் 113 குவரி ஓட்டி ஒரு ஆய்வு வெளியானது. ஆப்டிமைசர்கள் சறுக்குவது பெரும்பாலும் காஸ்ட் கணக்கில் இல்லை, ரோ எண்ணிக்கையில்தான் என்று அதில் காட்டியிருப்பார்கள். ஜாயின் கூடக் கூட எஸ்டிமேட் கீழே கீழே போகும்.

பழைய ஆரக்கிள்காரன் | சனி இரவு 9.15

ஹிண்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த ஒரு இழைக்கு மட்டும்.

வைகைக்கரை | திங்கள் காலை 11.00

மல்லிக்கும் இன்னும் ஒன்பது பூவுக்கும் தனி எண்ணிக்கை வைத்தேன். 50 விநாடி 5 ஆனது. லெஃப்ட் ஜாயின் திருத்தம் நேற்றிரவே கடைகளுக்குப் போய்விட்டது, காணாமல் போன விவசாயிகள் ரிப்போர்ட்டில் வந்துவிட்டார்கள்.

அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்கப் பட்டியலை எடுத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. 7-ஆம் எண் பிச்சி, 23-ஆம் எண் ஜாதிமல்லி. ஒரே பூ. ஒவ்வொரு ஊரிலிருந்தும் வருகிறவர்கள் சொன்ன பேரை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். இதுபோல நான்கைந்து ஜோடி தேறும். 41 வகை என்று நான் ஆப்டிமைசருக்குக் கொடுத்த எண்ணே தப்பு. சேர்த்துவிடலாமா என்று கடைக்காரரைக் கேட்டேன். தை முகூர்த்தம் முடிகிறவரை பூப் பட்டியலில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டார்.